கோஷர் சாப்பிடும் எதிர்வீட்டுப் பையனுக்கு என்ன தின்பண்டம் வைக்கலாம்? பச்சைப் புள்ளி போதுமா?

தாணேக்காரி கேட்டது:

வணக்கம். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணத்துக்கு அப்புறம் தாணேதான் ஊர். எதிர்வீட்டில் ஒரு பெனே இஸ்ரேல் குடும்பம் இருக்கிறது, மகாராஷ்டிரத்து யூதர்கள். யூத மத உணவு விதியான கோஷர் முறைப்படிதான் சாப்பிடுவார்கள். வீட்டில் மராத்தி பேசுகிறார்கள். டெம்பி நாக்காவில் 1879-இல் கட்டிய யூத ஜெப ஆலயம் இருக்கிறதே, அங்கேதான் போவார்கள். அவர்கள் பையனும் என் மகளும் ஒரே வகுப்பு. பள்ளி விட்டு வந்தால் இரண்டும் எங்கள் கூடத்தில்தான் விளையாடும்.

விளையாட்டு முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பசிக்கும். என் மகள் டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள், அவன் "எனக்கு வேண்டாம் ஆன்ட்டி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொள்வான். அவன் அம்மாவும் "பழம் போதும், சிரமப்படாதீர்கள்" என்கிறார். அந்தப் பிள்ளையும் தயங்காமல் கைவிட்டு எடுக்கிற மாதிரி ஒரு டப்பா எங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு விஷயமும் இதில் சேர்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, பேக்கரிப் பண்டங்களை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். அதனால் சூப்பர்மார்க்கெட்டில் புதிதாக வந்திருக்கும் வறுத்த தாமரை விதை, கேழ்வரகு சிப்ஸ், சிறுதானிய பிஸ்கட், பேரீச்சம்பழக் கட்டி எல்லாம் வாங்கிப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் பச்சைப் புள்ளி இருக்கிறது. பச்சைப் புள்ளி இருந்தால் அவனுக்கும் கொடுக்கலாமா? வீட்டில் சுண்டல் செய்து கொடுக்கலாமா? எங்கள் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியும் இறால் தொக்கும் நடக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முலுண்ட் வாசகர்:

பச்சைப் புள்ளி என்றால் சுத்த சைவம், பயப்படாமல் கொடுங்கள். பன்றி, இறால், நண்டு எல்லாம்தான் அவர்களுக்கு ஆகாது. என் அலுவலகத்தில் ஒரு பெனே இஸ்ரேல் நண்பர் இருக்கிறார். வெளியே போனால் மாட்டுங்கா உடுப்பி ஓட்டலில் எங்களோடு உட்கார்ந்து மசால் தோசை சாப்பிடுவார்.

ரசாயனி வாசி:

முலுண்ட் நண்பர் சொன்னது அவருடைய நண்பருக்குச் சரி. நிறையப் பேர் வெளியே சைவம் சாப்பிட்டு நியமத்தைக் காத்துக்கொள்கிறார்கள். ஆனால் அக்கா, உங்கள் எதிர்வீட்டுப் பையன் பழம் மட்டும் எடுத்துக்கொள்கிறான் என்றால் அந்த வீட்டில் நியமம் இன்னும் கொஞ்சம் இறுக்கம். அதை மதித்துத்தான் யோசிக்க வேண்டும்.

நான் ரசாயனி பக்கம் மசாலா எசன்ஸ் எடுக்கும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். மிளகிலும் மிளகாயிலும் சாறெடுத்து அமெரிக்காவுக்கு அனுப்புவோம். கோஷர் சான்று இல்லாவிட்டால் அங்கே பல கம்பெனிகள் வாங்காது. சான்றுக்காக ரப்பி, அதாவது யூத மத குரு, ஒருவர் நேரில் வருவார். மிளகு பற்றி அவர் அதிகம் கேட்டதில்லை. அவர் நேரே போனது பாய்லர் அறைக்கு. நீராவி எந்த எந்தப் பாத்திரத்துக்குப் போகிறது, குளிர்ந்த தண்ணீர் எங்கே திரும்பி வருகிறது, அதே குழாயில் வேறு என்ன ஓடியது என்று கேட்டார். முன்பு வேறு சரக்கு ஓடிய கொப்பரையை 24 மணி நேரம் சும்மா போட்டு, பிறகு விளிம்பு வழிய வெந்நீர் கொதிக்க வைத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். சரக்கில் என்ன இருக்கிறது என்பது பாதிக் கேள்வி. அது எந்தப் பாத்திரத்தில் சூடானது என்பது மீதிப் பாதி.

பச்சைப் புள்ளி முதல் பாதிக்குத்தான் பதில் சொல்கிறது, அதுவும் முழுதாக இல்லை. நம் நாட்டு விதிப்படி இறைச்சி, மீன், முட்டை, பூச்சி எதுவும் இல்லை என்பதற்கு அது உத்தரவாதம். ஜெலட்டினும், பூச்சியிலிருந்து எடுக்கும் 120 எண் சிவப்புச் சாயமும் அதிலேயே விலகிவிடும். அது பெரிய உதவிதான். ஆனால் பால் பச்சைப் புள்ளிக்குள் வரும். கோஷர் வீட்டில் பாலும் இறைச்சியும் சேரக்கூடாது. இறைச்சி சாப்பிட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் பால் தொடுவோர் பலர். மத்தியானம் கோழிக்குழம்பு சாப்பிட்டு வந்த பிள்ளைக்கு நான்கு மணிக்குச் சீஸ் தூவிய தாமரை விதை ஆகாது. அந்தப் பொட்டலங்களில் மசாலா வாசனை என்று போட்டிருந்தாலும் பின்பக்கம் பால் பவுடர் இருக்கிறதா என்று படியுங்கள். பாலும் இல்லாத, இறைச்சியும் இல்லாத பொருளை அவர்கள் பார்வே என்பார்கள். உங்கள் டப்பாவுக்கு வேண்டியது அதுதான்.

அடுத்து திராட்சை. திராட்சைப் பழம் கொடுக்கலாம், திராட்சை ரசம் அப்படியல்ல. ஒயினுக்கும் திராட்சை ரசத்துக்கும் தனிச் சான்று வேண்டும். சர்க்கரை சேர்க்கவில்லை என்று விற்கும் ஆரோக்கியக் கட்டிகள் சிலவற்றில் இனிப்புக்குத் திராட்சை ரசத்தைக் காய்ச்சித்தான் ஊற்றுகிறார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கும் அது சர்க்கரைதான், பெயர்தான் வேறு. சீஸுக்கும் இதே போல் தனிச் சான்று கேட்பார்கள்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? வட்டத்துக்குள் யூ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது அமெரிக்காவின் ஓயூ சான்று. பக்கத்தில் டி இருந்தால் பால் உண்டு. நட்சத்திரத்துக்குள் கே, வட்டத்துக்குள் கே என்றும் உண்டு. வெறும் கே எழுத்து மட்டும் இருந்தால் யார் சான்று கொடுத்தார்கள் என்று தெரியாது, அவர்களிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: சான்று தொழிற்சாலைக்கும் சரக்குக்கும் சேர்த்துத்தான், பெயருக்கு அல்ல. ஓரியோவுக்கு அமெரிக்காவில் சான்று கிடைத்ததே 1997-இல்தான், அதற்கு முன்பு அதில் பன்றிக் கொழுப்பு இருந்த காலம் உண்டு. அமெரிக்காவில் சான்று இருக்கிறது என்பதற்காக அதே பெயரில் இங்கே விற்கும் பொட்டலத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். கையில் இருக்கும் பொட்டலத்தில் முத்திரை இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கோஷர் முத்திரை உடம்புக்கு நல்லது என்பதற்கான முத்திரை அல்ல. சர்க்கரைப் பாகில் தோய்த்த மிட்டாய்க்கும் அது கிடைக்கும். பொருள் பட்டியல் எடை வரிசையில் இருக்கும், முதல் மூன்று பெயரில் சர்க்கரையோ குளுக்கோஸ் பாகோ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பேரீச்சம்பழக் கட்டியும் உங்கள் வீட்டுக்காரருக்கு அளவோடுதான். பேரீச்சம்பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை.

மாட்டுங்கா மாமி:

தம்பி விவரமாகச் சொல்லிவிட்டார். நான் சமையல் பக்கம் இருந்து சொல்கிறேன் அம்மா. சுண்டல் பண்ணிக் கொடுக்கிற எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் இறால் தொக்கு கொதித்த சட்டியில் வெந்த சுண்டல் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. புதுச் சட்டி வாங்கினாலும், வேற்றார் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை என்று ஒரு நியமம் உண்டு. சிலர் அடுப்பைத் தாங்களே பற்றவைத்தால் ஏற்பார்கள், சிலர் சட்டியையும் தாங்களே ஏற்றி வைக்க வேண்டும் என்பார்கள். அவன் அம்மாவை ஒருநாள் சமையலறைக்கு அழைத்து நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்டால் வருத்தப்பட மாட்டார்கள், சந்தோஷம்தான் படுவார்கள்.

முக்கியமான ஒன்று. நவராத்திரியில் கொலுவுக்கு நைவேத்தியம் ஆன சுண்டலை அந்த வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வேறு தெய்வத்துக்குப் படைத்தது அவர்களுக்கு விலக்கு. நாம் அன்பாகத்தான் கொடுப்போம், அவர்கள் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் தவிப்பார்கள். கொலுவுக்குக் கூப்பிட்டால் தாம்பூலத் தட்டில் முழுத் தேங்காயும் பழமும் படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வையுங்கள்.

அடுப்பே வேண்டாத பண்டம் நம்மிடம் எவ்வளவோ இருக்கிறது. பச்சை வேர்க்கடலையை ராத்திரி ஊறவைத்துக் கொடுக்கலாம், 100 கிராமில் 25 கிராம் புரதம். உப்புச் சேர்க்காத பாதாம், வால்நட், தேங்காய்ச் சில்லு, வெள்ளரி, கொய்யா. அத்திப்பழமும் பேரீச்சம்பழமும் கொடுத்தால் பிளந்து பார்த்துக் கொடுக்க வேண்டும், உள்ளே புழு இருந்தால் அவர்களுக்கு முழுப் பழமும் ஆகாது. நமக்கும் அது நல்ல பழக்கம்தானே.

அவர்கள் வீட்டு மலீதா சாப்பிட்டிருக்கிறீர்களா? அவலை நனைத்து வெல்லமும் தேங்காய்த் துருவலும் ஏலமும் திராட்சையும் போட்டு, எலியா தீர்க்கதரிசியை நினைத்து வேண்டிக்கொண்டு செய்வார்கள். நம்ம வெல்ல அவலேதான்! கறிக்குழம்பிலும் தயிர் போடாமல் தேங்காய்ப்பால்தான் ஊற்றுவார்கள். கொங்கண் கரையில் எண்ணெய்ச் செக்கு ஓட்டிய ஜனங்கள் அவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்துவதால் சனிவார் தேலி என்றே பெயர். எள்ளும் தேங்காயும் அவர்களுக்குப் புதிதில்லை.

தாணேக்காரி:

மாமி, நீங்கள் சொன்னபடியே அவன் அம்மாவை அழைத்துக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசினோம். அவர்கள் வீட்டு முறை இதுதான்: சூடு படாத, வெட்டாத பொருள் என்றால் எங்கள் தட்டிலேயே வைக்கலாம். வெட்ட வேண்டியதற்குத் தனிக் கத்தி, கண்ணாடிக் கிண்ணம். பொட்டலம் என்றால் முத்திரையைப் படம் எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். சுண்டலை அவர் தன் சட்டியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்தே செய்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார்!

இப்போது கூடத்து அலமாரியில் மூடி போட்ட கண்ணாடி டப்பா இருக்கிறது. தோலோடு வேர்க்கடலை, பாதாம், உலர்ந்த திராட்சை, அவர் பார்த்துச் சம்மதித்த ஓயூ முத்திரைச் சோளப் பொரி. என் வீட்டுக்காரரும் சாயங்காலம் அதிலிருந்துதான் எடுக்கிறார், திராட்சையை மட்டும் ஒதுக்கிவிட்டு. இஸ்ரேலில் இருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த பம்பா என்ற கடலைப் பொரியையும் அவர் கொடுத்தார், வாயில் வைத்ததும் கரைகிறது. அங்கே கைக்குழந்தைக்கே கொடுப்பார்களாமே?

பஸ்கா பண்டிகைக்கு மட்டும் தனியாகக் கேட்கச் சொன்னார். அதற்கு என்ன மாற்ற வேண்டும்?

ரசாயனி வாசி:

பம்பா பற்றி அவர் சொன்னது சரி அக்கா. 2008-இல் வெளிவந்த ஆய்வில், பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை இஸ்ரேல் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அங்கே குழந்தைகள் சீக்கிரமே கடலை சாப்பிடுவதுதான் காரணமா என்று சோதித்துப் பார்த்து, 2015-இல் ஆமாம் என்று நிறுவினார்கள்.

பஸ்கா மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும், எட்டு நாள். கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் என்ற பழைய கோதுமை வகை ஆகிய ஐந்து தானியமும் புளித்த உருவில் வீட்டிலேயே இருக்கக்கூடாது. பெனே இஸ்ரேல் குடும்பங்கள் அரிசி சாப்பிடுவார்கள். நம் சமையலில் கண்ணுக்குத் தெரியாமல் கோதுமை நுழைவது பெருங்காயத்தில். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், அதனால் பெருங்காயம் போட்ட எதுவும் அந்த நாட்களில் வேண்டாம். டப்பாவையும் அந்த எட்டு நாள் மூடி வையுங்கள். ஓயூ முத்திரை இருந்தாலும் பஸ்காவுக்கு என்று தனியாக ஒரு பி எழுத்து இருந்தால்தான் செல்லும். தோல் உரித்துச் சாப்பிடும் பழமாகக் கொடுத்துவிடுங்கள், ஏப்ரலில் ஆரஞ்சு முடிந்து மாம்பழம் வந்துவிடும்.