ஒற்றை நட்சத்திரத்துக்குப் பதில் எழுதுவதா, வாயை மூடிக்கொள்வதா?

பழுதுபார்ப்பவன்
மடிக்கணினி பழுதுபார்க்கும் சிறிய கடை என்னுடையது. போன வாரம் கூகுள் வரைபடத்தில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, "நான்கு நாள் தாமதம், கோப்புகளும் போய்விட்டன, கேட்டால் எரிந்து விழுகிறார்" என்று எழுதியிருக்கிறார். அதையே ஃபேஸ்புக்கிலும் போட்டுவிட்டார். தாமதம் உண்மைதான். கோப்புகள் இருந்த வட்டு (ஹார்ட் டிஸ்க்) ஏற்கெனவே பழுது. கோப்புகள் மீளாமல் போகலாம் என்று முதலிலேயே சொல்லிக் கையொப்பம் வாங்கியிருக்கிறேன். எரிந்து விழுந்தேனா என்பது நினைவில்லை, அன்றைக்குத் தலைவலி. இதற்கிடையில் ஒரு நிறுவனம் தொலைபேசியில் அழைத்து, மாதக் கட்டணம் கட்டினால் எல்லாவற்றையும் "பார்த்துக்கொள்வதாக"ச் சொல்கிறது. என்ன செய்யலாம்?

உலைமூடி
ஒன்றும் செய்ய வேண்டாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நீங்கள் ஒரு வரி எழுதினால் அவர் பத்து வரி எழுதுவார். அவருடைய நண்பர்கள் வருவார்கள். இன்று நாற்பது பேர் பார்த்ததை நாளை நாலாயிரம் பேர் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் இரண்டு கணினிகளைச் சரிசெய்து கொடுங்கள். நட்சத்திரம் தானாக ஏறும்.

அல்லி
உலைமூடி அவர்களே, மௌனம் சம்மதம் என்பதும் ஊர் சொன்னதுதான். பதிலில்லாத குற்றச்சாட்டைப் படிப்பவர் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். டேவிடே ப்ரோசர்பியோ, ஜார்ஜியோஸ் ஸெர்வாஸ் என்ற இருவர், ட்ரிப்அட்வைசர் என்ற பயண விமர்சனத் தளத்தில் விமர்சனங்களுக்குப் பதில் எழுதத் தொடங்கிய விடுதிகளை ஆய்வு செய்தார்கள். பதில் எழுதத் தொடங்கிய பிறகு விமர்சனங்கள் 12 சதவீதம் கூடின. மதிப்பீடு சராசரியாக 0.12 நட்சத்திரம் உயர்ந்தது.

உலைமூடி
0.12! ஐந்தில் 0.12 ஏறுவதற்காக ஒரு மனிதர் இரவெல்லாம் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டுமா? அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? நிர்வாகம் பதில் சொல்லத் தொடங்கியபின் வந்த மோசமான விமர்சனங்கள் எண்ணிக்கையில் குறைந்தாலும் நீளத்தில் கூடிவிட்டன.

அல்லி
வேண்டுமென்று விடவில்லை, அதுவும் என் பக்கம்தான் பேசுகிறது. உரிமையாளர் படிக்கிறார் என்று தெரிந்தால், வாய்க்கு வந்ததை எழுதிவிட்டுப் போகிறவர் தயங்குகிறார். உண்மையிலேயே குறை உள்ளவர் மட்டும் விவரமாக எழுதுகிறார். "மோசம்" என்ற ஒற்றைச் சொல்லைவிட மூன்று பத்திக் குறை கடைக்காரருக்கு உபயோகமானது. 0.12-ஐயும் சிரித்து ஒதுக்காதீர்கள். அந்தத் தளம் அரை நட்சத்திரக் கணக்கில் முழுமையாக்கித்தான் காட்டியது. விளிம்பில் நிற்பவருக்கு அந்தச் சிறு உந்தல் போதும்.

உலைமூடி
சரி, பதில் சொல்லப் போய்ச் சந்தி சிரித்தவர்களைப் பார்ப்போம். 2010 மார்ச்சில், பாமாயிலுக்காகக் காடு அழிகிறது என்று நெஸ்லேயைக் கண்டித்துக் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு காணொளி வெளியிட்டது. பதிப்புரிமையைக் காட்டி நெஸ்லே அதை யூடியூபிலிருந்து எடுக்கவைத்தது. அது வேறு இடங்களில் முளைத்தது. பிறகு நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில், சின்னத்தை மாற்றி வரைந்து போட்டவர்களோடு அந்தப் பக்கத்தை நடத்தியவரே ஏட்டிக்குப் போட்டி பேசினார். நீக்கிவிடுவோம் என்று மிரட்டினார். அந்தப் பதில்களே செய்தியாகிவிட்டன. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே நாக்கு அடங்கவில்லை. தலைவலிக்காரக் கடைக்காரர் என்ன செய்வார்?

அல்லி
அங்கே கெடுத்தது பதில் அல்ல, திமிர். மௌனத்துக்கும் உதாரணம் தருகிறேன். யுனைடெட் ஏர்லைன்ஸ் பயணத்தில் கிடார் உடைந்த கனடா இசைக்கலைஞர் டேவ் கரோல் ஏறத்தாழ ஒன்பது மாதம் இழப்பீடு கேட்டு அலைந்தார். கடைசியில் கைவிரித்துவிட்டார்கள். 2009 ஜூலையில் அவர் அதைப் பாட்டாக்கி யூடியூபில் போட்டார். அதன்பிறகுதான் சமாதானம் பேச ஓடிவந்தார்கள். அதற்குள் உலகமே அந்தப் பாட்டைக் கேட்டு முடித்திருந்தது.

முன்னாள் பதிலெழுத்தர்
இருவரும் பெரிய நிறுவனங்களைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். கேள்வி கேட்டவரை அழைத்தது போன்ற ஒரு நிறுவனத்தில் நான் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

என்னிடம் பதினெட்டுக் கடைகள் இருந்தன. ஒன்றின் வாசலைக்கூட மிதித்ததில்லை. "தங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்துக்கு வருந்துகிறோம், எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்" என்ற வரியை நாளுக்கு ஐம்பது முறை ஒட்டுவேன். ஒருமுறை, செருப்புக் கடைக்கு எழுதியதைப் பல் மருத்துவமனைக்கு ஒட்டிவிட்டேன்: "அளவு சரியில்லை என்றால் மாற்றித் தருகிறோம்." அந்த வரி மூன்று வாரம் அங்கேயே கிடந்தது. யாருமே கவனிக்கவில்லை. அந்த வேலையின் மதிப்பு அவ்வளவுதான்.

அடுத்தது விலைக்கு வாங்கும் நட்சத்திரம். அதன் பக்கமே போகாதீர்கள். போலி விமர்சனம் கண்டுபிடிக்கப்பட்டால் கூகுள் நீக்கும். அமெரிக்காவில் எஃப்டிசி என்ற வணிக ஆணையம், போலி விமர்சனங்களை வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்து கொண்டுவந்த விதி 2024 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. திருப்தியான வாடிக்கையாளரை மட்டும் பொறுக்கி எடுத்து விமர்சனம் கேட்பதும் கூகுளின் விதிகளுக்கு எதிரானது. நாங்கள் அதைத்தான் "உத்தி" என்ற பெயரில் விற்றோம்.

உலைமூடி
நான் சொல்வதைத்தானே இவரும் சொல்கிறார்!

முன்னாள் பதிலெழுத்தர்
இல்லை ஐயா. கூலிக்கு எழுதவைக்காதீர்கள் என்கிறேன். எழுதவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வாடிக்கையாளர் மனம் மாறுவாரா என்பது இரண்டாவது விஷயம். இனி வரப்போகிறவர் இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் இதைப் படிப்பார். அவருக்காக எழுதுங்கள். ஒரே பதில், அதற்குமேல் வாதம் வேண்டாம்.

பழுதுபார்ப்பவன்
எழுதிப் பார்த்தேன்: "நான்கு நாள் தாமதமானது எங்கள் தவறு. ஆனால் உங்கள் வட்டில் இருந்த கல்லூரி ஆய்வேடும் குடும்பப் படங்களும் மீளாமல் போகலாம் என்று முன்பே சொல்லி, உங்களிடம் கையொப்பம் வாங்கினோம். நேரில் வந்தால் தாள் காட்டுகிறேன்."

அல்லி
முதல் வாக்கியம் பொன். அடுத்து வரும் "ஆனால்" அதைத் தின்றுவிடுகிறது. "தாள் காட்டுகிறேன்" என்பது வழக்குமன்றப் பேச்சு. அவர் வட்டில் என்ன இருந்தது என்று ஊருக்குச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை? 2019-இல் அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவ நிறுவனம், யெல்ப் என்ற விமர்சனத் தளத்தில் வந்த விமர்சனத்துக்கு எழுதிய பதிலில் நோயாளியின் விவரங்களை வெளியிட்டுவிட்டு 10,000 டாலர் கட்டியது.

பழுதுபார்ப்பவன்
அது தோன்றவே இல்லை. இரண்டாம் முயற்சி: "நான்கு நாள் தாமதம் எங்கள் தவறு, அழைத்துச் சொல்லாதது அதைவிடப் பெரிய தவறு. பழுதான வட்டிலிருந்து கோப்புகளை மீட்க முடியவில்லை. அந்த இழப்பின் வருத்தம் புரிகிறது. கடுமையாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள். இனி தாமதமானால் அன்றே அழைத்துச் சொல்வோம். – கடை உரிமையாளர்." இதையே ஃபேஸ்புக்கிலும் போட்டுவிட்டேன்.

முன்னாள் பதிலெழுத்தர்
அந்தக் கடைசி வாக்குறுதியை நாளையிலிருந்தே காப்பாற்ற வேண்டியிருக்கும். முடியுமா?

பழுதுபார்ப்பவன்
இன்றே மூன்று பேரை அழைக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரை அழைத்தேன்.

உலைமூடி
நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். என் கடைக்கு வந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இப்போது அந்த மூன்றாவது ஆளை அழையுங்கள். அவரிடமும் கைப்பேசி இருக்கிறது.