பிஏபி கடைமடையில் தண்ணீரை அளப்பது எப்படி?

உடுமலைப் பக்கம், பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) பாசனம், 3 ஏக்கர் தென்னை, கிளை வாய்க்காலில் எங்களுடையது கடைசி மடை. அடுத்த திறப்புக்கு முன்னால் எவ்வளவு தண்ணீர் தேவை, இப்போது எவ்வளவு வந்து சேருகிறது என்று எழுதிக் கொடுக்கலாம் என முடிவு செய்தோம். தமிழ்நாடும் கேரளமும் போட்ட 1970 ஒப்பந்தப்படி ஆழியாற்றில் மணக்கடவில் கேரளத்துக்கு 7.25 டிஎம்சி என்று அங்கே அளந்து கொடுக்கிறார்கள், என் மடையில் என்ன வருகிறது என்று சொல்ல எனக்கு ஒரு எண்கூட இல்லை.

வாய்க்கால் 2 அடி அகலம், மண் கரை, சாய்வு ரொம்பக் குறைவு. முதல் இரண்டு நாள் முழங்கால் உயரம், மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் கணுக்கால்தான்.

தேங்காய் நெற்றை மிதக்கவிட்டு 30 அடிக்கு நேரம் பார்த்து, மேல்மட்ட வேகம் சராசரியைவிடக் கூடுதல் என்பதால் 0.85 ஆல் பெருக்கிக் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை (நடுவில் அது புல்லில் சிக்கிக்கொள்கிறது, அது வேறு). அப்புறம் பலகையில் வி வடிவம் வெட்டி வாய்க்காலுக்குக் குறுக்கே வைத்தேன், தண்ணீர் பின்னால் தேங்கி பக்கத்துத் தோட்டத்துக்குள் வழிந்தது, அண்ணனிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்படிச் சாய்வில்லாத சின்ன மண் வாய்க்காலில் யாராவது பார்ஷல் ஃபுளூம் (நடுவில் குறுகும் அளவைத் தொட்டி) வைத்து அளந்திருந்தால், தொண்டை, அதாவது அந்தக் குறுகிய பகுதியின் அகலம், எத்தனை அங்குலம் வைத்தீர்கள்?