முறுக்குப் பொட்டலத்தில் நானோ துகள்: வேண்டுமா, வேண்டாமா?

பிரை முறுக்கு அக்கா:
பினாங்கில் தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கிறேன். போன வருடம் பிளாஸ்டிக் வேண்டாமென்று மரவள்ளி மாவுச்சத்துப் பையில் போட்டேன். மூன்றாம் நாளே நமுத்துவிட்டது. இப்போது அதே பை, கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறிய நானோ துகள் கலந்து வருகிறதாம். வாங்கலாம் என்றிருக்கிறேன். கூடாது என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் அண்ணன்:
வேண்டாம்மா. மிட்டாயில் வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டையாக்சைடு போட்டார்களே, அதிலும் நானோ அளவுத் துகள்கள் உண்டு. மரபணுவைக் கெடுக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் ஐரோப்பா 2022-இல் அதை உணவில் சேர்க்கத் தடை போட்டது. பை மக்கிவிடும், சரி. அதில் நானோ துகளாகக் கலக்கும் வெள்ளியும் துத்தநாகமும் எங்கே போகும்? மண்ணில்தான் கிடக்கும். கிருமியைக் கொல்லவென்று சேர்த்தது மண்ணின் நல்ல நுண்ணுயிரை மட்டும் விட்டுவைக்குமா?

கெலுகோர் மாணவன்:
அண்ணே, எல்லா நானோவும் உலோகம் இல்லை. நான் படிப்பது உணவுத் தொழில்நுட்பம், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். மாவுச்சத்துப் படலம் அப்பளம் போல நொறுங்காமலிருக்க கிளிசரால் சேர்ப்பார்கள். அது ஈரத்தை இழுக்கும். மாவுச்சத்தும் இழுக்கும். நம் ஊர்க் காற்றில் முறுக்கு நமுக்காமல் என்ன செய்யும்? இதற்குக் களிமண் சேர்க்கலாம், மாண்ட்மோரில்லோனைட் என்று பெயர். அதன் தகடு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. படலத்துக்குள் அவை நன்றாகப் பிரிந்து படுத்திருந்தால் நீராவி நேராகப் புக முடியாது, சுற்றிச் சுற்றித்தான் வரவேண்டும். ஆக்சிஜனுக்கும் அதே கதிதான், எண்ணெய்ச் சிக்கு வாடையும் தள்ளிப்போகும். எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குள்ளேயே பலன் தெரியும்.

ஜெலுத்தோங் அண்ணன்:
களிமண் என்றால் எனக்குப் பயமில்லை தம்பி. ஆனால் விற்பவர் களிமண்தான் போட்டார் என்று யார் சொன்னது? துத்தநாக ஆக்சைடாக இருந்து, அதில் புளி போட்ட சம்பாலைக் கட்டினால் புளிப்பில் கரையும். பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு கிலோ உணவுக்கு 5 மில்லிகிராம் துத்தநாகத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்று ஐரோப்பாவில் வரம்பே இருக்கிறது.

கெலுகோர் மாணவன்:
வரம்புக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை, துத்தநாகம் உடம்புக்கு வேண்டிய சத்துதான். அது கிருமியைத் தடுத்து, மீனும் ரொட்டியும் இரண்டு நாள் கூடுதலாகக் கெடாமலிருந்தால் குப்பையும் குறையுமே. முறுக்குக்கு அது தேவையில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். உலர்ந்த பண்டத்தில் கிருமி எங்கே வளரப்போகிறது?

ஜெலுத்தோங் அண்ணன்:
பினாங்கில் 2009-இல் திங்கட்கிழமை மட்டும் கடையில் இலவசப் பிளாஸ்டிக் பை இல்லை என்றார்கள். 2011-இல் எல்லா நாளுக்கும் அதுவே ஆனது. சனம் பழகிக்கொண்டது. அதுபோல வீட்டுக்கு வீடு கிடக்கும் மிலோ டின்னைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பிரை முறுக்கு அக்கா:
சொல்லிப் பார்த்தேன் அண்ணே. பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவருவார்கள், கோலாலம்பூருக்கு அஞ்சலில் போவதற்கு என்ன செய்வது? பை விற்பவருக்கு இன்று போன் செய்தேன். என்ன கலந்தீர்கள் என்று மூன்று முறை கேட்டும் "நானோ, நல்ல சரக்கு" என்பதற்கு மேல் பதில் இல்லை. எழுதித் தரும்வரை வாங்கமாட்டேன். தம்பி, களிமண் கலந்த மாதிரிப் பை உங்கள் ஆய்வகத்தில் கிடைக்குமா? ஒரு வாரம் முறுக்கைப் போட்டு வைத்துப் பார்க்கிறேன். அப்புறம் பையைச் செம்பருத்திச் செடியடியில் புதைக்கிறேன். அண்ணன் வந்து தோண்டிப் பார்க்கட்டும்.