தாண்டிக்குடி பக்கம் ரோடு, ஈபி இல்லாத 40 செண்ட்: வாங்கி வீடு கட்டிக் குடியேறலாமா?

மலைக்காற்று (கேள்வி)

வணக்கம். கொடைக்கானல் தாலுகா, பழனி மலையில பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் நடுவுல 40 செண்ட் இடம் வந்திருக்கு. பழைய காப்பித் தோட்டம், இப்ப உன்னிச்செடி மண்டிக் கிடக்கு. தார் ரோட்டுல இருந்து 400 மீட்டர் உள்ள, ஒத்தையடிப் பாதைதான். ஈபி இல்ல, கிணறு இல்ல. "மேல ஊத்து இருக்கு, வருஷம் பூரா வரும்"னு புரோக்கர் சொல்றார். ரோட்டோர நிலத்துக்குச் சொல்ற விலையில மூணுல ஒரு பங்கு. நாங்க நாலு பேர். 600 சதுர அடியில வீடு கட்டி நிரந்தரமா இருக்கிறதா எண்ணம். பத்திரத்துல "ரெண்டே கால் ஏக்கரில் பிரிக்கப்படாத 40 செண்ட்"னு எழுதுவாங்களாம். எதையெல்லாம் பார்க்கணும்?

சர்வே கல்

பிரிக்கப்படாத பாகம்ங்கிறதுதான் இதுல பெரிய ஆபத்து. அனுமதி பெறாத மனைகளை வீட்டுமனையாப் பதிய முடியாதுன்னு 2016 அக்டோபர் 20க்குப் பிறகு பத்திரப்பதிவு சட்டம் 22-அ பிரிவுல இறுக்கிட்டாங்க. அதைச் சுத்திப் போறதுக்குத்தான் விவசாய நிலம்னே வச்சுக்கிட்டு பாகம் பாகமா விக்கிறாங்க. பதிவு நடந்துடும். ஆனா உங்களுக்குக் கிடைக்கிறது எல்லாப் பங்குதாரர் பேரும் சேர்ந்த கூட்டுப் பட்டா. உங்க 40 செண்ட் எந்த மூலைன்னு எஃப்எம்பியில (சர்வே எண்ணோட அளவு வரைபடம்) கோடு இருக்காது. வீட்டு பிளானுக்குப் போனா மத்த பங்குதாரர் எல்லார் கையெழுத்தும் கேப்பாங்க. அதுல ஒருத்தர் இறந்து வாரிசு ஆறு பேர் ஆயிட்டா பாகப்பிரிவினை வழக்குத்தான்.

அடுத்தது வகைப்பாடு. சிட்டாவோட நிறுத்தாதீங்க. விஏஓ கிட்ட அ-பதிவேடு (நிலம் என்ன வகைன்னு சொல்ற கிராமக் கணக்கு) பாருங்க, பழைய செட்டில்மென்ட் பதிவேட்டு நகலும் கேளுங்க. தரிசு, ஓடைப் புறம்போக்கு, நிபந்தனை ஒப்படை, பஞ்சமின்னு எங்கயாவது இருந்தா அந்த இடத்துல விலை பேசவே வேண்டாம். பஞ்சமி நிலம் பட்டியல் சாதியினருக்கு ஒப்படைச்சது. வெளியாருக்குக் கைமாறினா பத்திரம் செல்லாது, அது அவங்களுக்கே திரும்பிச் சேர வேண்டிய நிலம். ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, குறைஞ்சது 30 வருஷத்துக்குப் போடுங்க.

பாதைக்குப் பத்திரத்துல இருக்கிற வாசகத்தை வரி வரியாப் படிக்கணும். "மாமூல் வழிநடைப் பாத்தியம்"னு மட்டும் இருந்தா நடந்து போகத்தான் உரிமை. "12 அடி அகல வண்டிப்பாதைப் பாத்தியம்"னு அகலத்தோட, எந்த சர்வே எண் வழியாப் போகுதுங்கிறதோட இருக்கணும். பாதை போற நிலத்துக்காரரும் எழுதிப் பதிஞ்சு கொடுத்திருக்கணும். விக்கிறவர் தன் பத்திரத்துல மட்டும் எழுதிக்கிட்டா பக்கத்து நிலத்துக்காரரை அது கட்டுப்படுத்தாது. இப்ப அவர் நல்லவரா இருப்பார், நாளைக்கு அந்த நிலத்தை வாங்குறவர் கம்பி வேலி போட்டுடுவார்.

கடைசியா கட்டட அனுமதி. கொடைக்கானல் தாலுகா கிராமங்கள் பல மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்துக்குள்ள வருது, அதாவது ஹாக்கா. விவசாய நிலத்துல வீடுன்னா வனத்துறை, வேளாண்மைப் பொறியியல், கனிமவளம்னு தடையின்மைச் சான்று வாங்கணும். "பஞ்சாயத்துல பேசிக்கலாம்"னு சொன்னா நம்பாதீங்க. அனுமதி இல்லாத கட்டடத்துக்கு சீல் வச்சா, வாங்கிக் கொடுத்த புரோக்கர் வந்து நிக்க மாட்டார்.

ஓடைக்கரை

தாளெல்லாம் சரியா இருந்தாலும் தண்ணியும் சரிவும் சரியில்லைன்னா குடியிருக்க முடியாதுங்க.

ஊத்தை மார்கழியில காட்டினா எல்லா ஊத்தும் ஓடும். பழனி மலைக்கு முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகைதான். தையில இருந்து கோடை மழை வர்ற வரைக்கும் வறட்சி. மாசி கடைசியில போய் 20 லிட்டர் பக்கெட்டை வச்சு நேரம் பாருங்க. 20 நிமிஷத்துல நிரம்பினா நிமிஷத்துக்கு ஒரு லிட்டர், நாளைக்கு 1,440 லிட்டர். தொட்டி கட்டிப் பிடிச்சா வீட்டுக்குத் தாராளம், தோட்டத்துக்குப் பத்தாது. ஒரு மணி நேரம் ஆச்சுன்னா 480 லிட்டர்தான், அதுலயும் கீழ யார் குழாய் போட்டிருக்காங்கன்னு விசாரிக்கணும். ஊத்து புறம்போக்குலயோ காட்டுக்குள்ளயோ இருந்தா உங்களுக்கு அதுல உரிமை கிடையாது.

மழைத்தண்ணியைச் சேத்துக்கலாம்னு சுலபமா சொல்லிடுறாங்க. 600 சதுர அடி கூரை சுமார் 56 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழைக்கு, சேதாரம் போக, 4,480 லிட்டர் கிடைக்கும். ஆளுக்கு 70 லிட்டர்னு நாலு பேருக்கு 120 நாள் வறட்சியைத் தாண்ட 33,600 லிட்டர் வேணும். அதாவது சேமிப்புக்கு மட்டும் 750 மில்லிமீட்டர் மழை கூரையில விழுந்தாகணும். அந்தத் தொட்டி நிறைஞ்சா தண்ணி மட்டும் 33 டன். அதைச் சரிவுல, வெட்டிப் போட்ட மண்ணு மேல வச்சா தொட்டியோட மண்ணும் இறங்கிடும். வெட்டின பக்கத்துக் கெட்டி மண்ணுலதான் வைக்கணும்.

போர் போட்டுக்கலாம்னும் எண்ணாதீங்க. கலெக்டர் அனுமதி இல்லாம போர் வண்டியும் ஜேசிபியும் மலையில இறக்கினா வண்டியைப் பறிமுதல் பண்ணிடுவாங்க.

சரிவை அளக்க ஒரு 3 மீட்டர் நேர்க்கம்பும் ரசமட்டமும் போதும். ஒரு நுனியை மேட்டுத் தரையில வச்சு கம்பை மட்டமாப் பிடிச்சு, பள்ளத்துப் பக்க நுனிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளங்க. 1 மீட்டர்னா சுமார் 18 டிகிரி. 1.7 மீட்டரைத் தாண்டினா 30 டிகிரி, அங்க வீடு வேண்டாம். உன்னிச்செடியை வெட்டிப் போட்டுட்டு தரையைப் பாருங்க: பிறை வடிவத்துல வெடிப்பு, வெயில் காலத்துலயும் ஒரே இடத்துல கசியுற ஈரம், அடித்தண்டு கீழ்ப்பக்கமா வளைஞ்சு அப்புறம் நிமிர்ந்து நிக்கிற மரங்கள். ஒரு மரம்னா வெளிச்சத்துக்குச் சாஞ்சிருக்கும். வரிசையா எல்லாம் ஒரே பக்கம் வளைஞ்சிருந்தா மண்ணு மெதுவா நகருதுன்னு அர்த்தம்.

கக்கூஸ் குழிக்கும் இடம் பாருங்க. ஒரு அடி ஆழக் குழி தோண்டி, தண்ணி ஊத்தி ஊற விட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்க. ஒரு மணி நேரத்துல ஒரு அங்குலம் கூட இறங்கலைன்னா அடியில களிமண்ணோ பாறையோ இருக்கு. அங்க உறிஞ்சுகுழி போட்டா கழிவு கீழ இருக்கிறவங்க ஊத்துலதான் வெளிய வரும்.

தேவாலா மழை

நீலகிரி பக்கம் மலிவு விலை பார்த்து இதைப் படிக்கிறவங்களுக்கு. கூடலூர், பந்தலூர்ல 1969 ஜென்மம் (பழைய ஜமீன் மாதிரி நில உரிமை) ஒழிப்புச் சட்டத்துப் பிரிவு 17 நிலம் நிறைய இருக்கு. பட்டா கிடையாது, அனுபவ உரிமைன்னு வெள்ளைத்தாள்ல எழுதிக் கைமாத்துறாங்க. ஈபி வாங்குறதே அங்க போராட்டம். 1949 தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வர்ற சர்வே எண்ணா இருந்தா, மாவட்டக் குழு அனுமதி இல்லாத கிரயமே செல்லாது. மசினகுடி, சீகூர் பக்கம் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர்ல உறுதி பண்ணிடுச்சு. அங்க விலை இறங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம். நீலகிரியில கட்டட உயரத்துக்கும் வரம்பு இருக்கு.

மலைக்காற்று

ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். பாதைக்கு அகலம் போட்டு எழுதலை, இப்பத்தான் பார்த்தேன். ரோடு வெட்டாமலே சாமானைச் சுமந்து கட்டிட்டு, கரண்டுக்கு சோலார் வச்சுக்கிட்டா சமாளிக்க முடியுமா?

கொத்துவேலை கணக்கு

கணக்குப் போட்டுப் பாருங்க தம்பி. 600 சதுர அடி கான்கிரீட் வீட்டுக்கு சிமெண்ட் 240 மூட்டை, எம்-சாண்ட் சுமார் 10 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), ஜல்லி 8 யூனிட். ஒரு யூனிட் சாண்ட் நாலரை டன். மணலை மட்டும் 50 கிலோ சுமையாத் தூக்கினா 900 நடை, ஒவ்வொண்ணும் 400 மீட்டர் ஏத்த இறக்கம். ஜல்லி, சாலிட் பிளாக், கம்பி தனி. கூலியே பெரிய செலவாயிடும். சிமெண்ட் வழியில நனைஞ்சு கட்டியாப் போறதும் இதுலதான்.

தாங்குசுவரை மிச்சம் பிடிக்காதீங்க. 2 மீட்டர் உயரக் கருங்கல் சுவருக்கு அடி அகலம் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஒன்றரை மீட்டருக்கு ஒரு 3 இஞ்ச் பிவிசி குழாய் விட்டு, சுவருக்குப் பின்னாடி ஒரு அடிக்கு ஜல்லி நிரப்பணும். மலையில சுவர் விழறது பெரும்பாலும் பின்னால தேங்குற தண்ணியோட அழுத்தத்துலதான், குழாய் இல்லாத சுவர் கார்த்திகை மழைக்குத் தாங்காது. வீட்டுல பாதி வெட்டின மண்ணுலயும் பாதி நிரப்பின மண்ணுலயும் நின்னா நடுவுல விரிசல் நிச்சயம்.

சோலார்: 1 கிலோவாட் பேனல் மாசி, பங்குனியில நாளைக்கு 4 யூனிட் வரை தரும். மேகம் இறங்கி நிக்கிற ஐப்பசியில ஒரு யூனிட்டே கஷ்டம். நாளைக்கு 3 யூனிட் தேவைன்னா 2 கிலோவாட் பேனலும், மூணு நாள் தாங்க 48 வோல்ட் 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியும் வேணும், ஐப்பசியில அதுலயும் குறைச்சுத்தான் பயன்படுத்தணும். வெந்நீர் ஹீட்டரை இது தாங்காது, வெந்நீருக்கு விறகோ கேஸோதான். ஈபி இழுத்தா கம்பத்துக்கும் கம்பிக்கும் செலவு உங்க தலையில, கம்பம் நடுற நிலத்துக்காரர் சம்மதமும் வேணும். விவசாய இலவச இணைப்பை வீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது.

பிள்ளைங்க இருட்டுறதுக்குள்ள அந்த 400 மீட்டரைத் தாண்டி வந்துடணும். காட்டுமாடு பாதையில படுத்திருக்கும். பலாவும் வாழையும் வீட்டுப் பக்கம் வைக்காதீங்க, யானை தேடி வரும். சோலார் வேலின்னாலும் வனத்துறையைக் கேட்டுத்தான் போடணும்.

சர்வே கல்

விலை பிடிச்சிருந்தா உடனே கிரயம் வேண்டாம். சின்ன முன்பணம் கொடுத்து, வைகாசி வரைக்கும் கெடு வச்சு கிரய ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணுங்க. அதுல மூணு நிபந்தனை: விக்கிறவர் தன் செலவுல பாகம் பிரிச்சு, சர்வேயரை வச்சு உட்பிரிவு பண்ணி 40 செண்ட்டுக்குத் தனிப் பட்டா வாங்கணும், பாதை போற நிலத்துக்காரர்கள் 12 அடிக்குப் பாத்தியம் எழுதிப் பதியணும், பங்குனியில ஊத்து அளவு நாளைக்கு 1,000 லிட்டருக்குக் குறைஞ்சா முன்பணம் திரும்ப வரணும். பாதைக்கும் பட்டாவுக்கும் ஒத்துக்கலைன்னா வேற இடம் பாருங்க. பண்ணைக்காட்டுலயே ரோட்டோரமா 5 செண்ட் அனுமதி மனை இதைவிடக் குறைஞ்ச மொத்தச் செலவுல முடியலாம்.