பால்ய சிநேகிதன் வெறுப்பு பேசினால் எதுவரை பொறுப்பது?

வெண்ணாற்றங்கரை:
எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். என் பால்ய சிநேகிதன் இரண்டு வருடமாக ஒரே பேச்சு: "அவங்க கடையில வாங்காதே, அவங்களுக்கு வீடு விடாதே." சின்ன வயதில் நாகூர் கந்தூரிக்கு என்னோடு பஸ் ஏறி வந்தவன் இவன். போன வாரம் டீக்கடையில், சாக்கு வியாபாரம் செய்யும் பாய் பக்கத்தில் நிற்கும்போதே, "இவங்களை ஊரை விட்டே விரட்டணும்" என்றான். பாய் பாதி டீயோடு கிளாஸை வைத்தார், காசைக் கொடுத்தார், போய்விட்டார். நாங்கள் ஆறு பேர் இருந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவனோடு உறவை முறித்துவிடலாமா?

மேலத்தெரு வாத்தியார்:
வேண்டாம் தம்பி. நீங்களும் ஒதுக்கினால் அவனுக்கு மிஞ்சுவது அதே பேச்சு பேசுகிறவர்கள் மட்டும்தான். நாகூர் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் என்று அவனிடம் சொல்லுங்கள். பேசப் பேசத்தான் மனசு இளகும்.

கீழத்தெரு:
சார், எங்கள் தாத்தாவுக்கு டீக்கடையில் தனி கிளாஸ். "அவங்க பழக்கம் அப்படி, பொறுத்துப் போ" என்று நல்லவர்கள்தான் சொன்னார்கள். பொறுமை எப்போதும் எங்கள் கணக்கிலேயே எழுதப்பட்டது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடி பிடித்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். அவன் மனசு இளகும்வரை பாய் எங்கே போய் டீ குடிப்பார்?

மேலத்தெரு வாத்தியார்:
வெண்மணி கொலை. இது வாய்ப்பேச்சு. இரண்டையும் ஒன்றாக்கினால் நாளைக்கு உங்கள் பேச்சையும் யாராவது தீவிரவாதம் என்பார்கள். அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

கீழத்தெரு:
அந்தப் பயம் எனக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தீ வைக்க ஆள் சேர்த்ததும் வாய்ப்பேச்சுதானே சார்?

குடந்தை வக்கீல்:
பேச்சுரிமை அரசியலமைப்பின் 19(1)(அ)வில் இருக்கிறது, அதற்கான வரம்பு 19(2)இல். மதத்தின் பேரில் பகை வளர்ப்பது முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவில் குற்றம், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவில். மூன்று வருடம்வரை சிறை உண்டு. சகிப்பின்மையை எதுவரை சகிப்பது என்று தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் 1945இல் எழுதியதை இரு தரப்பும் பாதியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வாதத்தால் எதிர்கொள்ள முடிகிறவரை தடை செய்வது புத்திசாலித்தனம் இல்லை என்கிறார். வாதத்துக்கே காது கொடுக்காமல், கைமுட்டியால் பதில் சொல்லப் பழக்கினால் தடுக்கும் உரிமை வேண்டும் என்கிறார். என்னைக் கேட்டால், சாமி பற்றி அவன் என்ன நினைத்தாலும் பொறுக்கலாம். "வாங்காதே, விரட்டு" என்பது இன்னொருவர் பிழைப்பில் கை வைப்பது. அதைப் பொறுக்கக் கூடாது. உடனே போலீசுக்குப் போகச் சொல்லவில்லை, ஆனால் அந்த இடத்திலேயே மறுத்திருக்க வேண்டும்.

மேலத்தெரு வாத்தியார்:
மறுப்பதில் எனக்கும் சம்மதம். முறிப்பதில்தான் இல்லை.

வெண்ணாற்றங்கரை:
நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். "என் முன்னால் இனி அப்படிப் பேசினால் எழுந்து நின்று மறுப்பேன், எத்தனை பேர் இருந்தாலும் சரி" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அம்மாதான் காபி கொடுத்தார். அப்புறம் பாய் கடைக்குப் போனேன். அன்றைக்குச் சும்மா இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அறுப்புக்கு எத்தனை சாக்கு வேணும் தம்பி?" என்று மட்டும் கேட்டார். டீக்கடைக்குக் கூப்பிட்டேன். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார்.