ரயில் கால அட்டவணை ஒரு பரிசா?

பாளை அத்தை:
"அஸ்பெர்ஜர் பிள்ளைக்கு ரயில் கால அட்டவணையைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறவர்கள் அந்தப் பிள்ளையின் பித்தை வளர்க்கிறார்கள், அது பரிசே அல்ல" என்று நேற்று தச்சநல்லூர் அண்ணாச்சி வாய் கூசாமல் எழுதியிருந்தார். கொடுத்தவள் நான்தான். எனவே சும்மா இருக்க முடியவில்லை.

என் அண்ணன் மகனுக்கு அஸ்பெர்ஜர், அதாவது ஆட்டிசம் வகையைச் சேர்ந்த நிலை. 9 வயது முடியப்போகிறது. போன பிறந்தநாளுக்கு வந்த உறவுக்காரர்கள் சைரன் அலறும் போலீஸ் கார், கைதட்டினால் குரைக்கும் நாய் என்று கொண்டுவந்து குவித்தார்கள். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். நான் வாங்கி வைத்திருந்தது பழைய புத்தகக் கடையில் கிடைத்த தெற்கு ரயில்வே கால அட்டவணை. அதைத் தரையோடு தள்ளிவிட்ட பிறகுதான் ஒரு கை வெளியே வந்தது. யாராவது எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் அவனுக்கு ஆகாது. நகத்தால் ஓரத்தை நெம்பி, ஒவ்வொரு தாளாகத்தான் புரட்டுவான். நெல்லை எக்ஸ்பிரஸ் விழுப்புரத்திலிருந்து மதுரை வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டால் இப்போது பென்சில் இல்லாமல் சொல்கிறான். கழித்தல் கணக்கு என்றால் அதற்கு முன்பு ஓடி ஒளிந்த பையன் அவன்.

வரும் வியாழக்கிழமை அடுத்த பிறந்தநாள். ஆசையாக விளையாடவும் வேண்டும், ஏதாவது கற்றுக்கொள்ளவும் வேண்டும், என்ன வாங்கலாம் என்றுதான் கேட்டேன். வசவு கேட்கவில்லை.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
தங்கச்சிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது. இருக்கட்டும். நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்தவர்கள் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள். கால அட்டவணை என்பது பயணிகளுக்காக ரயில்வே வெளியிடும் தகவல் ஏடு. பளபளப்புத் தாளில் சுற்றினால் அது பரிசாகிவிடுமா? அப்படியானால் மின்கட்டண அட்டையையும் சுற்றிக் கொடுங்களேன்.

அந்தப் பிள்ளைக்கு வேண்டியது எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டு. பல்லாங்குழி வாங்குங்கள். 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 முத்து. எண்ணுவது, பகிர்வது, தன் முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதிலேயே வந்துவிடும். நம் பாட்டிமார் எந்த டாக்டரைக் கேட்டு ஆடினார்கள்? அட்டவணை பரிசு அல்ல.

சந்திப்பு நடைமேடை:
அண்ணாச்சி, மின்கட்டண அட்டையில் 60-ஐ வைத்துக் கடன் வாங்கும் கழித்தல் கிடையாது. 22.50-க்குப் புறப்பட்டு மறுநாள் 06.15-க்குச் சேரும் வண்டி எவ்வளவு நேரம் ஓடியது? 7 மணி 25 நிமிடம். இதை வகுப்பில் சொல்லித்தர வாத்தியார்கள் படும் பாட்டை நீங்கள் அறியாதவர் அல்லவே. அந்தப் பையன் தானாகக் கற்றிருக்கிறான். அதில் உங்களுக்கு என்ன வருத்தம் என்றுதான் புரியவில்லை.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
தம்பி, எனக்குக் கடன் வாங்கிக் கழிப்பதைக் கற்றுத்தர வர வேண்டாம். "பழைய புத்தகக் கடை" என்று அவர்களே எழுதியிருப்பதைப் பாருங்கள். பழைய அட்டவணை! நேரம் அத்தனையும் மாறியிருக்கும். தவறான நேரங்களை மனப்பாடம் செய்வதற்குப் பெயர் கல்வியா? திருநெல்வேலி–திருச்செந்தூர்ப் பாதையில் நடுவே இருக்கிற எட்டு நிலையங்களின் பெயர் தெரிந்தால் இந்த ஊர்ப் பிள்ளைக்குப் போதும். அதற்கு ஒரு புத்தகமா?

வண்ணார்பேட்டை தெரபிஸ்ட்:
இந்தப் பிள்ளைகளோடு தினமும் வேலை செய்கிறவள் என்பதால் சொல்கிறேன். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு அஸ்பெர்ஜரைத் தனி நோயறிதலாக வைப்பதை விட்டுவிட்டு ஆட்டிசம் நிறமாலை என்ற ஒரே தலைப்புக்குள் சேர்த்துவிட்டது. ஆகவே "அஸ்பெர்ஜர் பிள்ளைக்கு இதுதான்" என்று ஒரே மருந்துச்சீட்டு எழுத முடியாது. ஒருவனுக்கு ரயில், இன்னொருவனுக்கு மின்விசிறி, மற்றொருத்திக்குப் பாம்பு. எதில் மனம் ஒட்டியிருக்கிறதோ அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

அண்ணாச்சி கேட்கும் "எதிரே ஓர் ஆள்" என்பதற்கும் வழி இருக்கிறது. லெகோ கட்டைகளை வைத்து மூன்று பேராக ஆடுகிற முறை ஒன்று உண்டு. ஒருவர் படத்தைப் பார்த்து "சிவப்பு, நான்கு குமிழ்" என்று சொல்வார், ஒருவர் கட்டையைத் தேடிக் கொடுப்பார், ஒருவர் பொருத்துவார். பிறகு வேலையை மாற்றிக்கொள்வார்கள். பேசினால்தான் கட்டடம் எழும். ரயில் நிலையமே கட்டச் சொல்லுங்கள், பேச்சு தானாக வரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: சத்தத்தை அணைக்க முடியாத பொம்மை வேண்டாம். பொத்தான் பேட்டரியின் மூடி திருகாணி போட்டதாக இருக்கட்டும். அந்த பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். சின்ன உருண்டைக் காந்தங்களும் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, என்ன பரிசு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தாளில் சுற்ற வேண்டாம், கூட்டத்தின் நடுவே "நன்றி சொல்லு, முத்தம் கொடு" என்று நெருக்க வேண்டாம். முடிந்தால் கூட்டமில்லாத வேளை பார்த்துக் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கு அழைத்துப் போங்கள். தொட்டும் திருகியும் பார்க்கிற பொருட்கள் அங்கே நிறைய இருக்கின்றன.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
முன்கூட்டியே சொல்லிவிட்டு, சுற்றாமல் கொடுத்தால் அது பரிசா? அழைத்துப் போவது பரிசா? அறிவியல் மையத்தைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா? லெகோ என்ன விலை விற்கிறது என்று அம்மாவுக்குத் தெரியுமா? கேட்டது ஒன்று, வருகிற விடை வேறு. நான் சொன்னது இதுதான்: அட்டவணை பரிசு அல்ல. இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை.

சந்திப்பு நடைமேடை:
மறுத்துக்கொண்டேதான் இருக்கிறோம். அது போகட்டும், எட்டு நிலையமா? எட்டு என்று உங்களுக்கு யார் சொன்னது?

தச்சநல்லூர் அண்ணாச்சி:
அந்தப் பாதையில் நீராவி வண்டியில் போனவன் நான். நீங்கள் பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

சேரன்மகாதேவிக்காரன்:
நீங்கள் பேசுகிற பிள்ளை வளர்ந்தால் என்னைப் போல இருப்பான். எனக்கும் அஸ்பெர்ஜர் என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். சில திருத்தங்கள்.

பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம். பத்து. எட்டு அல்ல.

பழைய அட்டவணை தவறானது அல்ல, அந்த ஆண்டுக்கு அது சரி. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து எந்த வண்டி எத்தனை நிமிடம் மாறியது என்று பார்ப்பது எனக்குப் பெரிய இன்பம். நெல்லை எக்ஸ்பிரஸின் வண்டி எண் 2631 ஆக இருந்து 12631 ஆனது 2010 டிசம்பரில். இரண்டு பதிப்பு கையில் இருந்ததால் அது எனக்குத் தெரியும்.

என் பரிசுகளில் நான் தொட்டவை உலக வரைபடப் புத்தகமும் திருகாணி போட்டு முடுக்கிப் பொருத்துகிற மெக்கனோ கட்டுமான விளையாட்டும். வெல்வெட் கரடியைத் தொடவே இல்லை. அந்தத் துணியில் நகம் பட்டால் பல் கூசும். பல்லாங்குழியும் வந்தது. முத்துகளை நிறவாரியாகக் குழிகளில் அடுக்கினேன். ஆட்டத்தைக் கெடுத்துவிட்டேன் என்று பிடுங்கிக்கொண்டார்கள். அடுக்குவதுதான் என் ஆட்டம் என்று சொல்ல அப்போது எனக்கு வாய் இல்லை.

பாளை அத்தை:
தம்பி நன்றாக இருக்க வேண்டும். அண்ணாச்சி இதைப் படித்துவிட்டுப் பதில் சொல்லட்டும்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
படித்தேன். தம்பி பண்பாக எழுதியிருக்கிறார். வரைபடப் புத்தகம், மெக்கனோ என்றுதான் சொல்கிறார். பரிசாக வந்த பட்டியலில் கால அட்டவணை இருக்கிறதா? இல்லை. என் கட்சியைத்தான் அவர் பேசுகிறார்.

சேரன்மகாதேவிக்காரன்:
அட்டவணையை நானே காசு சேர்த்து வாங்கிக்கொண்டேன். யாரும் பரிசாகக் கொடுக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
பார்த்தீர்களா? யாரும் கொடுக்கவில்லை. ஏனென்றால் அது பரிசு அல்ல.

அம்பை கடைசல்:
எல்லாரும் பிளாஸ்டிக், சீமைக் கட்டை என்று பேசுகிறீர்களே, கூப்பிடு தூரத்தில் இருக்கும் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லையா? மரத்தைக் கடைசல் பிடித்து, அது சுழலும்போதே அரக்குக் கட்டியை அழுத்தினால் உராய்கிற சூட்டில் உருகி நிறம் ஏறும். பேட்டரி இல்லை, சத்தம் இல்லை, கையில் குத்தும் விளிம்பு இல்லை. அம்மி, உரல், திருகை, குடம், அடுப்பு. எங்கள் கடைக்கு ஒரு தாயும் பிள்ளையும் வந்தார்கள். பிள்ளை வேறு எதையும் பார்க்கவில்லை. திருகையை மட்டும் எடுத்தான். மேல்கல்லைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றினான், நிறுத்தினான், கவிழ்த்து முளையைப் பார்த்தான், மறுபடி சுற்றினான். தாய் இழுக்க இழுக்க நகரவில்லை. அது எப்படிச் சுற்றுகிறது என்று என்னைக் கேட்டான், கழற்றிக் காட்டினேன். அன்று அவன் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று அந்தத் தாய் சொன்னார்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
ஆண் பிள்ளைக்கு அம்மியும் உரலுமா? விளங்கிவிடும்.

பாளை அத்தை:
அண்ணாச்சி வீட்டில் தோசை தானாக வந்து தட்டில் விழுகிறதோ?

அம்பை கடைசல்:
அம்மி உரல் என்றால் அண்ணாச்சிக்கு ஏன் எரிகிறது என்பது எனக்குத் தெரியும். கொலுவுக்கு என்று வந்து, ஒரு முழு செட்டைப் பாதி விலைக்குக் கேட்டு, கட்டாது என்றதும் எதிர்க் கடையில் பிளாஸ்டிக் செட் வாங்கிப் போனவர் அவர். போகிற போக்கில் "மரத்துக்கு இந்த விலையா" என்றும் சொன்னார். கை வேலைக்கு மதிப்புத் தெரியாதவர் கல்வியைப் பற்றிப் பேசுகிறார்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
அது நான் அல்ல, என் மைத்துனர். நான் வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். தனிப்பட்ட கொடுக்கல் வாங்கலை இங்கே இழுப்பது நாகரிகம் அல்ல. விலை அதிகம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்ணார்பேட்டை தெரபிஸ்ட்:
திருகை சுற்றிய பிள்ளையைப் பற்றிய செய்தி நல்ல செய்தி. காரண காரியத்தைக் கையால் தெரிந்துகொள்கிறான். அத்தை, உங்கள் மருமகன் நேரத்தைக் கணக்கிடுகிறான் என்றால் அடுத்த படியாகத் தூரத்தைச் சேர்க்கலாம். ஒரு நிறுத்தற் கடிகாரம் (ஸ்டாப்வாட்ச்), ஒரு மாவட்ட வரைபடம், கூடவே திருச்செந்தூருக்குப் போய்வர டிக்கெட். அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடையில் ஆகும் நேரத்தை அவனே எழுதட்டும். பக்கத்து இருக்கைக்காரர் என்ன செய்கிறாய் என்று கேட்காமல் இருக்கமாட்டார். சத்தம் பொறுக்கவில்லை என்றால் காதை மூடும் உறையும் வாங்குங்கள்.

அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி. பரிசு என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? அதைச் சொன்னால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
பரிசு என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை விளக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. டிக்கெட்டாவது ஒருவகையில் பரிசு என்று வைத்துக்கொள்ளலாம், பயணம் கிடைக்கிறது. அட்டவணையில் என்ன கிடைக்கிறது?

சந்திப்பு நடைமேடை:
வண்டி எத்தனை மணிக்கு என்று தெரிகிறது. இல்லாவிட்டால் டிக்கெட்டை வைத்துக்கொண்டு நடைமேடையில் படுத்துக்கிடக்க வேண்டியதுதான்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
அட்டவணை இருந்தால் மட்டும் வண்டி வந்துவிடுமா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பேர் தண்ணீருக்கு நடுவே தவித்தார்கள். அன்றைக்கு உங்கள் அட்டவணை என்ன செய்தது?

பாளை அத்தை:
வெள்ளத்தைக்கூட என் புத்தகத்தின் தலையில் கட்டப்போகிறாரா? அந்த நாட்களில் அவன் எங்களைத் துளைத்து எடுத்தான். செய்துங்கநல்லூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையில் தண்டவாளத்துக்குக் கீழே மண் அரித்துப்போனது என்று செய்தியில் பார்த்துவிட்டு, ஜல்லி எதற்குப் போடுகிறார்கள், அது போனால் தண்டவாளம் ஏன் தொங்குகிறது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டான். இதைவிட என்ன கல்வி வேண்டுமாம் வாத்தியாருக்கு?

சேரன்மகாதேவிக்காரன்:
ஜல்லி பாரத்தைப் பரப்பும், தண்ணீரை வடிய விடும், தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகளை நகராமல் பிடித்துக்கொள்ளும். அவன் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான். ஜல்லி, ஸ்லீப்பர், சிக்னல் பற்றிப் படம் போட்ட புத்தகம் வாங்கிக் கொடுங்கள். கதைப் புத்தகம் வேண்டாம்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
கதை வேண்டாமா? கதை கேட்காமல் வளர்கிற பிள்ளை என்ன பிள்ளை?

சேரன்மகாதேவிக்காரன்:
நான்.

அம்பை கடைசல்:
அண்ணாச்சிக்கு இதற்கும் மைத்துனர் இருப்பார்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
வயதில் மூத்தவனிடம் பேசும் முறை இதுவா? இந்தப் பேச்சை ஆரம்பித்தவர்கள் என்னைத்தான் குறிவைத்து ஆரம்பித்தார்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும். போன தைப்பொங்கலுக்குக் கரும்பு விலை பற்றி நான் எழுதியதிலிருந்து இந்த அம்மாவுக்கு என் மேல் பகை.

பாளை அத்தை:
கரும்பு விலையை நீங்கள் தவறாக எழுதினீர்கள், நான் திருத்தினேன். அவ்வளவுதான். இப்போதும் தவறாகத்தான் எழுதுகிறீர்கள். யாராவது எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள்: நிறுத்தற் கடிகாரமா, மெக்கனோவா? வியாழக்கிழமைக்கு நாள் இல்லை.

சந்திப்பு நடைமேடை:
அதற்கு முன் எட்டா பத்தா என்பதை அண்ணாச்சி சொல்லட்டும். பத்து நிலையத்தையும் தம்பி வரிசையாக எழுதிவிட்டார். 1923-இல் போட்ட பாதை, இங்கே ஒருவர் வாயாலேயே இரண்டு நிலையத்தைக் காணாமல் ஆக்கிவிட்டார்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
காணாமல் ஆக்கவில்லை. தாதன்குளமும் கச்சனாவிளையும் சின்ன நிறுத்தங்கள். அவற்றை நிலையம் என்று நான் எண்ணுவதில்லை. பத்தில் இரண்டு போனால் எத்தனை? கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்தவர் கழித்துப் பார்க்கட்டும்.

சந்திப்பு நடைமேடை:
டிக்கெட் கொடுக்கிறார்கள், வண்டி நிற்கிறது, ஆள் ஏறுகிறது. நிலையம் என்பதற்கு உங்களுக்கு இன்னும் என்ன வேண்டும்? கொடி பிடித்து வரவேற்க வேண்டுமா? அப்படிப் பார்த்தால் குரும்பூரையும் எடுத்துவிடுங்களேன்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:
குரும்பூரைப் பற்றி எனக்குச் சொல்லாதீர்கள், என் மனைவியின் ஊர் அதற்குப் பக்கம். இப்போது சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். குரும்பூர் விஷயத்தை நாளைக் காலை விரிவாக எழுதுகிறேன். அதுவரை இதை மட்டும் சொல்லி வைக்கிறேன்: அட்டவணை பரிசு அல்ல.