மூலோபாய வழக்கா, வழிசமை வழக்கா?

அன்புள்ள குழுவினருக்கு,

‘Strategic litigation’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற நமது பேச்சுக்கு என் பதில் இது. ஒருவருக்காகப் போட்டாலும் அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் சேர்த்து வழி திறக்கப் போடும் வழக்கைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். உங்கள் மடல்களில் வந்தவற்றை மேற்கோளாகப் போட்டிருக்கிறேன்.

> ‘மூலோபாய வழக்காடல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. அரச ஆவணங்களில் மூலோபாயம் பழகிவிட்டது.

பழகிவிட்டது, சரி. யாருக்குப் பழகியிருக்கிறது என்பதுதான் என் கேள்வி. போன மாதம் முல்லைத்தீவில் ஒரு கூட்டத்துக்கு இந்தச் சொல்லைப் போட்டுத்தான் துண்டுப்பிரசுரம் எழுதிக் கொடுத்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, “தம்பி, மூலப்பத்திரம் இருந்தால்தானோ இந்த வழக்குப் போடலாம்? எங்கட எல்லாம் இடம்பெயரேக்க துலைஞ்சு போச்சு” என்றார். காணி வழக்கு என்று நினைத்துவிட்டார். வன்னியில் ‘மூல’ என்று ஒரு சொல் தொடங்கினால் வேறு எதை நினைப்பார்கள்? கொடுத்த தாள்களைத் திருப்பி வாங்கவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

கூட்டம் மியன்மாரிலிருந்து தப்பி வரும் ரோஹிங்கியா மக்களைப் பற்றியது. 2024 டிசெம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தது. பிறகு அவர்களைக் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைத்தார்கள். இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் சேராத நாடு. அப்படியென்றால் சட்டத்தால் இவர்களுக்கு என்ன செய்யலாம் என்று ஊரவர்கள் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தச் சொல் தேவைப்பட்டது.

> தமிழ்நாட்டில் சிலர் ‘உத்திசார் வழக்கு’ என்கிறார்கள். ‘பொதுநல வழக்கு’ ஏற்கெனவே இருக்கிறது.

உத்தி எனக்கு வேண்டாம். உத்தி, உபாயம், தந்திரம் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். புகலிடம் கேட்டு வருபவர் “கதை கட்டுகிறார்” என்று எந்த நாட்டிலும் சொல்கிறார்கள். அவருக்காகப் போடும் வழக்குக்கும் நாமே ‘உத்தி’ என்று பெயர் வைத்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம்.

பொதுநல வழக்கு வேறு பொருள். அங்கே பாதிக்கப்படாத ஒருவரும் மற்றவர்களுக்காக மனுப் போடலாம். நாம் பெயர் தேடும் வழக்கில் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரே மனுதாரர். ஆனால் அவருக்குக் கிடைக்கும் தீர்ப்பு அவரோடு நிற்பதில்லை. 2009இல் இத்தாலி நடுக்கடலில் மறித்து லிபியாவுக்குத் திருப்பி அனுப்பியவர்களில் சோமாலியர், எரித்திரியர் 24 பேர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2012இல் அவர்கள் வென்றபோது, கடலில் வைத்துத் திருப்பினாலும் அந்த நாடே பொறுப்பு என்பது மற்றப் படகுகளுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது.

ஆகவே என் முன்மொழிவு: வழிசமை வழக்கு. ‘வழிசமைத்தல்’ நமது பத்திரிகைகளில் தினமும் வரும் சொல். ‘சுடுசோறு’ போல வினைத்தொகை. வாயிலும் இலகுவாக வருகிறது. செயலைச் சொல்ல வேண்டுமென்றால் ‘வழிசமைப்பு வழக்காடல்’.

சென்னை நண்பர் ஒருவர் தனிமடலில், “வழக்கைச் சமைப்பதா? எங்கள் ஊரில் பொய் வழக்கைத்தான் சோடிப்பார்கள்” என்று சிரித்திருந்தார். நியாயமான பகிடிதான். ஆனால் அங்கே ‘உயர் நீதிமன்றம்’ என்றால் மாநிலத்தது, இங்கே அதுவே நாட்டின் கடைசி நீதிமன்றம். அந்தக் குழப்பத்தோடே குடும்பம் நடத்துகிறோம், இதையும் சமாளிப்போம்.

கிளிநொச்சி அண்ணை கேட்டதுதான் கஷ்டமான கேள்வி.

> தோற்றுப் போனால்? வழியே சமையவில்லையே.

இதற்குத்தான் நான் இரண்டு நாள் யோசித்தேன். 2004இல் அவுஸ்திரேலியாவின் கடைசி நீதிமன்றத்தில் நாடற்ற பலஸ்தீனர் ஒருவர், அனுப்ப நாடு இல்லாதவனைக் காலவரையின்றி அடைத்து வைக்கலாமா என்று கேட்டு, நாலுக்கு மூன்று நீதிபதிகள் என்ற கணக்கில் தோற்றார். அந்தத் தீர்ப்பு 19 வருடம் நின்றது. 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டது. அந்த முறை வழக்குப் போட்டவர் ஒரு ரோஹிங்கியர். அவரைத் தொடர்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் தடுப்பிலிருந்து வெளியே வந்தார்கள். முதல் ஆள் போட்ட ஒற்றையடிப் பாதையில்தான் அடுத்த ஆள் நடந்தார். காட்டுக்குள் தடம் எடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வழிசமை என்பது வேலையின் பெயர். வழி சமைந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. அண்ணை இதை ஏற்றுக்கொள்வாரோ தெரியாது.

எங்கள் கதையையும் சொல்கிறேன். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களைப் பொலிஸார் விடியப்புறம் எழுப்பிப் பஸ்களில் ஏற்றினார்கள். பெரும்பாலான பஸ்கள் வந்து சேர்ந்தது வவுனியாவுக்கு. கொழும்பிலுள்ள அரசு சாரா அமைப்பான மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போக, மறுநாளே வெளியேற்றத்தை நிறுத்தி இடைக்கால உத்தரவு வந்தது. துண்டுப்பிரசுரத்தைத் திருத்தி எழுதும்போது இதை முதல் பந்தியில் வைத்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு அவுஸ்திரேலியா தூரம், வவுனியா பஸ் ஸ்டாண்ட் தெரியும்.

பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் மறுப்பு வராவிட்டால் ‘வழிசமை வழக்கு’ என்றே போடுகிறேன். அப்புறம், ‘மனுதாரர்’ என்பதா ‘வழக்காளி’ என்பதா என்று யாராவது தனி மடலிழை தொடங்குங்கள். இதற்குள் கலக்க வேண்டாம்.